நல்லமுத்துவின் ஜீப்பை உயர்த்திக் கொடுத்த விதம்

மனிதர்களை நான் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் பார்த்துப் பழகியிருக்கிறேன். ஹட்டனில் கராஜ் வைத்திருப்பவனின் ஆயுளில் பாதி, வாகனத்துக்கு அடியில் மல்லாந்து கிடப்பதிலேயே போய்விடுகிறது. வருகிறவர்கள் தலைக்கு மேலே எங்கோ நின்று பேசுவார்கள். எனக்குத் தெரிவது சப்பாத்து, செருப்பு, வெறுங்கால், அவ்வளவுதான். அதிலும் ஒரு வசதி உண்டு. முகத்தைச் சரிசெய்துகொண்டு வருவார்கள், குரலைச் சரிசெய்துகொண்டு வருவார்கள். காலைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பெரிய கிளாக்கர் ஒருவர் துரையின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் செருப்புக்குள் கால் கட்டைவிரலை மடக்கிக்கொள்வார். அவருக்கே அது தெரியாது. இன்ஸ்பெக்டர் ஐயாவின் இடது பூட்ஸில் லேஸ் ஒரு ஓட்டை தவறிக் கோத்திருக்கிறது. அதை எழுத வேண்டாம்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் சிங்களத்தில் எழுதுகிறீர்கள், மொழிபெயர்ப்பாளர் ஐயா. முடிந்ததும் நான் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் நிதானமாகவே சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. அவசரப்பட வேண்டிய நேரம் போன வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது.

என் பெயர் சிவசாமி. ஊசிக்கந்தைத் தோட்டத்து நல்லமுத்துவின் ஜீப்பை உயர்த்திக் கொடுத்தவன் நான். உயர்த்திக் கொடு என்று கேட்டவன் அவன். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

நல்லமுத்துவும் நானும் றொசல்லைக்கு மேலே அந்தத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசைவீட்டில் பிறந்தவர்கள். நான் இறங்கி ஹட்டனுக்கு வந்து கிரீஸில் விழுந்தேன். அவன் அங்கேயே இருந்து, தேயிலை உலர்த்தும் ஸ்டோர்களுக்கு விறகு ஏற்றும் கொந்தராத்தைப் பிடித்து, வெள்ளை வேட்டிக்கு மாறி, மாரியம்மன் கோயில் கமிட்டிக்குத் தலைவராகவும் ஆகிவிட்டான். ஆள் குள்ளம். அவதூறாகச் சொல்லவில்லை, சேர்ந்து வளர்ந்தவன் என்பதால் தெரியும். திருவிழாவில் பேச ஏறினால் மைக்கை இறக்க வேண்டியிருக்கும். இறக்க விடமாட்டான். அண்ணாந்து பார்த்தே பேசுவான். தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு, வானத்தில் யாரையோ கூப்பிட்டுக் கணக்குக் கேட்பது மாதிரி இருக்கும்.

அவனிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தார் விட்டுப்போனது, பல கை மாறி இவனிடம் வந்து சேர்ந்தது. தோட்டத்து ரோட்டில் துரையின் வாகனம் வந்தால் ஆட்கள் குடையை மடக்கிக்கொண்டு ரோட்டோரத் தண்ணீர்க் கானில் இறங்கி நிற்பார்கள், உங்களுக்குத் தெரியும். ஜீப் வாங்கிய நாளிலிருந்து தனக்கும் அப்படி இறங்கி நிற்பார்கள் என்று நல்லமுத்து எதிர்பார்த்தான். ஒன்றிரண்டு பேர் இறங்கினார்கள். மற்றவர்கள், "மாமா, போற வழிதானே, ஏத்திக்கிட்டுப் போங்க" என்று கையைக் காட்டினார்கள். ஏற்றவும் செய்தான். அவனிடம் இருந்த கோளாறு அதுதான். பெரிய மனிதனாக இருக்க ஆசை, ஆனால் பழக்கம் இல்லை.

அப்போதுதான் தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தார். வரும்போதே புது லேண்ட்ரோவரோடு வந்தார். ஒரு நாள் ரோடு ஒடுங்கித் திரும்பும் முடக்கில் இரண்டு வாகனமும் நேருக்கு நேர் வந்துவிட்டன. நல்லமுத்துவின் ஜீப்தான் பின்னால் போய் ஒதுங்கியது. துரை கண்ணாடி வழியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனாராம். மரியாதையாகத்தான் ஆட்டியிருக்கிறார். ஆனால் கீழே பார்த்து ஆட்டியிருக்கிறார்.

அந்த வாரமே நல்லமுத்துவின் பம்ப் சப்பாத்து என் கராஜுக்குள் வந்து நின்றது. பக்கத்தில் டிரைவர் பழனியாண்டியின் வெறுங்கால்.

"சிவசாமி, ஜீப்பை ஒசத்தணும்."

"எதுக்கு?"

"மேக்கணக்கு ரோடு பூரா கல்லு. வண்டி வயித்துல அடிக்குது."

"வயித்துல அடிக்கிறது கல்லு இல்ல பாஸ்," என்றான் பழனியாண்டி என்னிடம். "லேண்ட்ரோவரு."

"ஒன்னைய யாருடா கேட்டா?"

"யாரும் கேக்கலைங்க. சும்மா நின்னா காலு வலிக்குது, அதான் பேசுறேன்."

நான் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, இருக்கிற வழிகளை எல்லாம் அவனுக்கு விளக்கினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அதாவது, அவன் கேட்டதில் ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஸ்பிரிங்குல இன்னும் ரெண்டு பட்டை கூட்டிப் போடலாம். கொஞ்சம் எழும்பும். ஆனா வண்டி கல்லு மாதிரி இறுகிடும். ஹட்டன் வந்து சேர்றதுக்குள்ள பல்லு ஆடும்."

"எவ்வளவு எழும்பும்?"

"ஒரு வெரல் அகலம்."

"வேற சொல்லு."

"பட்டைகளைக் கழட்டி உலையில போட்டு, வளைவைக் கூட்டி எடுக்கலாம். நல்லா எழும்பும். விறகு ஏத்த ஏத்த மறுபடி படுத்துக்கும்."

"படுக்கிற கதையே வேணாம்."

"ஸ்பிரிங்கைச் சட்டத்தோட பிடிக்கிற ஷெக்கிளை நீளமாக்கலாம். சுலபமான வேலை. முடக்குல வண்டி தேர் மாதிரி ஆடும்."

"எது ஆக ஒசரம், அதைச் சொல்லு."

"இந்த ஜீப்புக்கு அச்சு மேல இருக்கு, ஸ்பிரிங்கு அதுக்கு அடியில தொங்குது. கழட்டி, ஸ்பிரிங்கை அச்சுக்கு மேல தூக்கி வச்சுட்டா, உடம்பு ஒரு சாணுக்குக் கிட்ட எழும்பிடும். ஆனா பெரிய வேலை. ஸ்டீரிங்கு கம்பி கோணலாப் போகும், அதைத் திருத்தணும். ஷாஃப்டு சாயும், ஆப்பு வைக்கணும். வேற சில்லறை வேலையும் இருக்கு."

"அதைச் செய்." பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "லேண்ட்ரோவருக்கு மேல வருமா?"

"சமமா வரும்."

"சமமா வந்தாப் போதும்," என்றான். நான் எதிர்பார்க்காத பதில். அப்போது அவன்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது என்று எழுதிக்கொள்ளலாம்.

விரோதம் ஏதும் இருந்ததா என்று இன்ஸ்பெக்டர் ஐயா இரண்டு தரம் கேட்டார். இல்லை. போன வருசத் திருவிழா விஷயத்தை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது ஒன்றுமில்லை. தேர்ச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டையும் அச்சாணியும் நான்தான் சும்மா செய்து கொடுத்தேன். ஊர்வலம் புறப்படுமுன் வேண்டியவர்களை அழைத்துத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள் அல்லவா? பூசாரி என் பெயரையும் கூப்பிட்டார். நான் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். நல்லமுத்து மைக்கில் சொன்னான்: "சாமி துணிங்க அது. சிவசாமி தலையில வச்சா கிரீஸ் கறை போகாது. அவனுக்குத் தேங்காய் மூடியக் குடுத்து அனுப்புங்க." ஜனம் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான், நான் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன். தேங்காய் மூடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு முழத் துணி. அதைத் தலையில் கட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்க்கிற கூட்டத்தைக் கண்டால் எனக்கு எப்போதும் சிரிப்புத்தான். அதற்காக ஒருவன் ஒன்று செய்வானா? அந்தத் துணி விஷயத்தை எழுத வேண்டாம். இந்த வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதற்குப் பிறகு பேச்சியம்மா ஒரு நாள் டவுனுக்கு வந்தவள் கராஜுக்கும் வந்தாள். லயத்தில் நல்லமுத்துவின் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் இருப்பவள், கொழுந்து எடுக்கிறவள். இடது காலில் மெட்டி தளர்ந்துபோய், நழுவாமல் இருக்க நூல் சுற்றியிருப்பாள். வாகனத்துக்கு அடியிலிருந்தே ஆளைத் தெரிந்துகொண்டேன்.

"நல்லமுத்து மாமா வாய் அப்படித்தாண்ணே. பேசிட்டு அப்புறம் வீட்டுல உக்காந்து வருத்தப்படும். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

"எனக்கு என்ன இருக்கு? நான் மறந்தே போயிட்டேன்," என்றேன். பிறகு அந்தக் கால்கள் போய்விட்டன.

ஜீப்புக்கு வருவோம்.

வேலையில் குறை சொல்ல முடியாது. இதை நீங்கள் எந்த எஞ்சினியரை வேண்டுமானாலும் கொண்டுவந்து காட்டலாம். ஸ்பிரிங் நான்கையும் அச்சுக்கு மேலே ஏற்றினேன். ஸ்டீரிங் கம்பியைத் திருத்தினேன். ஷாஃப்டுக்கு ஆப்பு கடைந்து வைத்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தரம் முறுக்கிப் பார்த்தேன். மிச்சமிருந்தது ஒரே ஒரு சில்லறை வேலை.

பிரேக் எண்ணெய் சட்டத்திலிருந்து முன் அச்சுக்கு ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகத்தான் போகிறது. ஒரு சாண் நீளம் இருக்கும். உடம்பு உயர்ந்தால் அந்த ஹோஸும் நீள வேண்டும். இல்லாவிட்டால் விறைத்துக்கொண்டு நிற்கும். சமதரையில் ஒன்றும் ஆகாது. முன் சக்கரம் ஏதாவது குழியில் விழுந்து அச்சு கீழே தொங்கும்போது இழுபடும். இழுபட்டு இழுபட்டு ஒரு நாள் கழுத்தில் பிய்யும். பிய்ந்தால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் இல்லை. இது ஹட்டனில் எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

கடைக்காரர் ஜமால்தீனுக்கும் தெரியும். நட்டு வாங்கப் போனபோது அவராகவே கேட்டார்: "அவ்வளவு ஒசத்தினா ஹோஸ் கட்டையாப் போகுமே பாஸ். லொறிக்குப் போடுற நீட்டு ஹோஸ் ஒண்டு ஈக்கி. எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டுதான் வந்தேன். நீங்கள் என் கராஜில் கண்டெடுத்தது அதுதான். ஒளித்து வைத்திருந்தேன் என்று இன்ஸ்பெக்டர் ஐயா எழுதச் சொல்கிறார். ஒளிக்கவில்லை. வாசலுக்கு எதிரே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தேன். வருகிற போகிற எல்லோருக்கும் தெரியும்படி தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது நீங்கள் கேட்கிறீர்கள், சொல்கிறேன் அல்லவா?

நான் எதையும் அறுக்கவில்லை. எதையும் தளர்த்தவில்லை. இருந்ததை இருந்தபடி விட்டேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நல்லமுத்துவுக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்தப் பக்கத்துக் கொந்தராத்துக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, கியரை எடுத்துவிட்டு, பெட்ரோல் மிச்சமென்று உருட்டச் சொல்வார்கள். கியரில் இறங்கினால் பிரேக் இல்லாவிட்டாலும் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். உருட்டினால் பிரேக் ஒன்றுதான் துணை. ஹேண்ட் பிரேக் வேலை செய்கிற ஜீப்பை நான் இந்த மலையில் பார்த்ததில்லை. எல்லோரும் சக்கரத்துக்குக் கல் வைக்கிறவர்கள். ஆக, அந்தக் கஞ்சத்தனம் இல்லாதவனை என் ஹோஸ் ஒன்றும் செய்திருக்காது. யாருடைய குற்றம் எவ்வளவு என்பதை நீதவான் பார்த்துக்கொள்ளட்டும்.

அவன் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. கானில் இறங்குவான் என்று நினைத்தேன். எல்லோரையும் கானில் இறக்கிப் பார்க்க ஆசைப்பட்டவன் ஒரு நாள் ஜீப்போடு தானே இறங்கி நிற்கட்டும் என்று. நாலு பேர் பார்க்க, வேட்டியெல்லாம் சேறாக. அவ்வளவுதான்.

ஊசிக்கந்தை இறக்கத்தில், பாலத்து முடக்கில், கான் கிடையாது. பள்ளம்தான். அதுவும் எனக்குத் தெரியும். கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஜீப்பை எடுத்துப்போக வந்த அன்று நல்லமுத்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஏறப் பார்த்தான், கால் எட்டவில்லை. பழனியாண்டி பின்னாலிருந்து ஒரு கை கொடுத்து ஏற்றிவிட்டான். சீட்டில் உட்கார்ந்ததும் ரோட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தான். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் அவன் முழங்கால் உயரத்துக்குத் தெரிந்திருப்பார்கள்.

"சிவசாமி, ஒலகமே வேற மாதிரி இருக்குடா," என்றான்.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஜீப் கராஜைக் கடந்து போகும், திரும்பி வரும். போகும்போது பழனியாண்டி ஹோர்ன் அடிப்பான். நான் கையைத் தூக்குவேன். அது வளைவில் மறைகிறவரைக்கும் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மழை நாளில் அந்தப் பக்கமிருந்து சைக்கிளில் யாராவது அவசரமாக வந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். அவர்கள் வேறு எதற்கோ வந்திருப்பார்கள். இரவில் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். நன்றாகத்தான் தூங்கினேன்.

திருவிழாவுக்கு முந்திய வாரம் பழனியாண்டி ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"பாஸ், பிரேக்கு முந்தி மாதிரி இல்ல. மிதிச்சா கொஞ்சம் பஞ்சு மாதிரி போகுது. பாத்துக் குடுங்க. நம்ம பெரியவரு திருவிழாவுக்கு ஆள் ஏத்தணும்னு நிக்கிறாரு."

நான் அடியில் போய்ப் பார்த்தேன். ஹோஸின் கழுத்தில் ரப்பர் வெளுத்து, நகக்கண் அளவுக்கு வெடித்திருந்தது. எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தது. ஆணியில் மாட்டியிருந்த ஹோஸ் என் தலைக்கு நேரே தொங்கியது. மாற்றுவதற்கு ஒரு பிளேன்டி குடிக்கிற நேரம் போதும். பழனியாண்டியின் பெருவிரல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அவன் எதையாவது நம்பிக் காத்திருக்கும்போது அப்படித்தான் செய்வான்.

தூசியைத் துடைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"புது ஸ்பிரிங்கு. வண்டி ஒசந்திருக்கு, அதான் அப்படித் தெரியுது. பழகிரும்."

"அப்படிங்களா? சரிங்க பாஸ். நீங்க பாத்தாச் சரிதான்."

பழனியாண்டியைப் பற்றி நீங்கள் கேட்கலாம். அவனும் ஜீப்பில்தானே இருப்பான். அதையும் நான் யோசிக்காமல் இல்லை. அவன் கெட்டிக்காரன், குதித்துவிடுவான் என்று வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை திருவிழா. கமிட்டியிலிருந்து என்னையும் அழைத்திருந்தார்கள். போகாவிட்டால் மனதில் வைத்திருக்கிறான் என்பார்கள், அதனால் போனேன். குளித்து, தலைக்குச் சீயக்காய் தேய்த்து, புது வேட்டி கட்டிக்கொண்டு போனேன். சீயக்காய் ஒரு தரம் போதும். அன்றைக்கு ஏனோ மூன்று தரம் தேய்த்தேன்.

கோயில் தோட்டத்து மேற்பிரிவான மேல்கணக்கில், மலையின் தலையில் இருக்கிறது. பால்குடம் கீழே ஆற்றிலிருந்து கிளம்பும். பெண்கள் மேலே காப்புக் கட்டிக்கொண்டு, ஆற்றுக்கு இறங்கி, குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஏறி வருவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த வருசம் நல்லமுத்து ஒரு சலுகை கொடுத்தான். இறங்குவதற்கு ஜீப், ஏறுவதுதான் நேர்த்திக்கடன். சாமியும் ஏற்றத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று மைக்கில் அறிவித்தான். அவனே கூடப் போவதாகத்தான் இருந்தது. வாழைமரம் கட்டி, மாலை போட்டு, அவன் நின்றபடி பிடித்துக்கொண்டு போக முன்பக்கம் ஒரு கம்பியும் கட்டியிருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அப்போது பரிவட்டம் ஆரம்பமாகிவிட்டது. நல்லமுத்து அண்ணாந்து மைக்கைப் பார்த்துச் சொன்னான்:

"இந்த வருசம் மொத மரியாதை நம்ம சிவசாமி பாஸுக்கு. போன வருசம் நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். தப்பு. பேச்சியம்மா ஒரு வருசமா எங்கிட்ட சண்டை போட்டுக்கிட்டே இருக்கு. சபையில வச்சுச் சொன்னேன், சபையில வச்சே திருத்திக்கிறேன். வாடா சிவசாமி. என் கையாலதான் துணியை எடுத்துக் குடுப்பேன்." பிறகு திரும்பி, "பழனியாண்டி, நீ கெளம்பு. நான் வரல. பொம்பளைகளைப் பத்திரமா எறக்கி விட்டுட்டு வா," என்றான்.

ஜனம் கைதட்டியது. நான் போனேன். போகாமல் இருக்க முடியுமா? அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூசாரிக்கு முன்னால் தலையைக் குனிந்தேன். கட்டி முடித்துத் திருநீறு வைக்கிறவரை தலையை நிமிர்த்தக் கூடாது. அதுதான் மரியாதை.

தலை குனிந்திருந்ததால் எனக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. கராஜில் இருப்பது போலவே. ஜீப் சற்றுத் தள்ளி நின்றது. ஏற எட்டவில்லை என்று யாரோ கொழுந்துப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் படியாகப் போட்டார்கள். மஞ்சள் பூசிய கால்கள் ஒவ்வொன்றாகப் பெட்டியில் ஏறி மறைந்தன. இடது காலில் நூல் சுற்றிய மெட்டி ஏறியபோது அவள் குரலும் கேட்டது.

"ஏன் மாமா, ஜீப்பை ஒசத்துனீங்களே, அதோட ஒரு ஏணியும் வாங்கக் கூடாதா?"

"ஏறு பேச்சி, வாய் பேசாம. ஒனக்குத்தான் பல்லக்கு."

எல்லோரும் பின்பக்கத்தில்தான் ஏறினார்கள். பின்னால் பாரம் ஏற ஏற முன்பக்கம் தூக்கும். முன் சக்கரத்தின் மேலே இடைவெளி அகலமாவதை நான் பார்த்தேன். அந்த இடைவெளி எவ்வளவோ, ஹோஸ் அவ்வளவுக்கு இழுபடுகிறது. வழியில் பாதி தூரத்தில் மழைத்தண்ணீர் ரோட்டைக் குறுக்கே அறுத்திருக்கிறது. அதில் சக்கரம் விழும். அதற்குக் கீழே பாலத்து முடக்கு வரைக்கும் நேர் இறக்கம்.

பூசாரிக்கு முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடியும் கட்டினார். ஆக, நேரம் இருந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். "பழனியாண்டி, கியரில் இறங்கு." மூன்று வார்த்தை. அது என் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். எதிரிலேயே மைக். நல்லமுத்து பக்கத்தில். துணி பாதி கட்டியபடி. தலையை அசைத்தால் அவிழ்ந்துவிடும், இத்தனை ஜனத்துக்கு முன்னால் இரண்டாவது வருசமும் வெறுந்தலையோடு நிற்க வேண்டும்.

கல்லை எடுத்துவிட்ட சத்தம் கேட்டது. சக்கரங்கள் உருளத் தொடங்கின. எஞ்சின் சத்தம் இல்லை. முதலாளி பக்கத்தில் இல்லாவிட்டாலும் பழனியாண்டி பழக்கத்தை விடவில்லை.

திருநீறு வைத்தார்கள். தலையை நிமிர்த்தினேன். தப்பு முழங்கிக்கொண்டிருந்ததால் வேறு எதுவும் கேட்கவில்லை. தப்பு நின்ற பிறகுதான் கீழேயிருந்து சத்தம் வந்தது.

எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். ஜீப் பாலத்து முடக்கில் பள்ளத்துக்குள் தலைகீழாகக் கிடந்தது. பழனியாண்டி குதிக்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே செத்திருந்தான். பின்னால் அத்தனை பேரை வைத்துக்கொண்டு அவன் குதிக்கமாட்டான் என்பது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பேச்சியம்மா கல்லில் அடிபட்டு, தலை திறந்து கிடந்தாள். மூச்சு இருந்தது. மற்றப் பெண்கள் பிழைத்தார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள்.

நல்லமுத்து பம்ப் சப்பாத்தை உதறிவிட்டுப் பள்ளத்துக்குள் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினான். பேச்சியம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு துணி, துணி என்று கேட்டான். யாரிடமும் இருக்கவில்லை. சரிகைச் சால்வையைக் கிழித்துக் கட்டினான், நனைந்துவிட்டது. வேட்டியை அவிழ்த்துக் கிழித்தான். பெரிய மனிதன், கமிட்டித் தலைவர், அரைக்காற்சட்டையோடு சேற்றில் உட்கார்ந்து அழுதான். நான் பார்க்க வேண்டும் என்று நினைத்தது ஏறக்குறைய அதைத்தான். சிரிப்பு வரவில்லை. அதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

அவள் உயிர் போகுமுன் நல்லமுத்து மேலே பார்த்து, "சிவசாமி, ஒரு துணி குடுடா," என்றான். நான் ரோட்டு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒன்றுமில்லை. கையை விரித்துக் காட்டினேன். தலையில் இருந்தது எனக்கு அப்போது நினைவில் இல்லை. அல்லது சாமி துணி என்பதால் கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். எது சரியோ அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆக, ஹோஸை மாற்றாமல் விட்டவன் நான். தெரிந்தே விட்டேன். வெடித்திருந்ததைப் பார்த்தும் விட்டேன். அவர்கள் ஏறியதைப் பார்த்தும் விட்டேன். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். என்னைக் கூட்டிவந்தபோது தலையிலிருந்து கழற்றி அந்த மேசையில் வைத்தீர்களே, அது வழக்குக்கு வேண்டிய பொருள் இல்லை. முடிந்ததும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஒரு வரி எழுதிவிடுங்கள். வேண்டுமானால் நல்லமுத்துவையே கூப்பிட்டு, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள் ஐயா. எங்கேயும் ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது.